பால் தட்டில் வளையம்

ஜனவரி 6, திங்கள்

இந்த நோட்டு வேறு, ஆய்வுக்கூட நோட்டு வேறு. அதில் பக்க எண் அச்சாகியிருக்கும், ஒரு தாளைக்கூடக் கிழிக்க முடியாது, வெள்ளிக்கிழமை தோறும் என் ஆய்வு வழிகாட்டி குலசேகரன் சார் பச்சை மையில் கையெழுத்துப் போடுவார். இது அம்மா அரக்கோணத்திலிருந்து கூரியரில் அனுப்பிய டைரி. இதில் எவர் கையெழுத்தும் வேண்டியதில்லை. ஐந்து நாள் காலியாகக் கிடந்தது. சரி, எழுதித்தான் பார்ப்போமே.

ஜெபமலர். வயது முப்பத்திரண்டு. நுண்ணுயிரியல் துறையில் முனைவர் பட்ட ஆய்வு, எட்டாவது வருடம். என்னோடு சேர்ந்த ஐந்து பேரும் முடித்துப் போய்விட்டார்கள். ஒருத்தியின் மகன் பள்ளிக்கூடம் போகிறான். எனக்குக் கடைசி நீட்டிப்பு மார்ச் 7 வரை. அதற்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. எட்டு வருடமும் போயே போச்சு.

இன்று சார் சர்க்கரை வேலையைக் கோமளவல்லி அக்காவுக்குக் கொடுத்தார். அக்கா குடியாத்தத்தில் அரசுப் பள்ளி ஆசிரியை, வயது நாற்பத்தொன்று. இரண்டு வருடம் படிப்பு விடுப்பு வாங்கிக்கொண்டு வந்து, தினமும் பஸ்ஸில் வந்து போகிறார். கெட்டிக்காரி. அந்த வேலைக்கு அவர்தான் சரியான ஆள் என்று எல்லோருக்கும் தோன்றியது.

ஜனவரி 9, வியாழன்

சர்க்கரை வேலை என்றால் என்ன என்று எழுதி வைக்கிறேன். நாளை இதை அம்மா புரட்டினால் புரிய வேண்டுமே.

எங்கள் ஆய்வுக்கூடத்தின் குலதெய்வம் ஒரு பாக்டீரியா. முதல் வருடம் தோல் பதனிடும் இடத்தின் சாக்கடை ஓரமாக நான் அள்ளிவந்த பதினேழாவது மண்ணில் கிடைத்தது, அதனால் பெயரே பதினேழு. புரதத்தைச் செரிக்கும் நொதியை வெளியே கக்கும். தோலிலிருந்து முடி நீக்க அந்த நொதி போதும். ஊரையே நாறடிக்கும் ரசாயனம் வேண்டாம். நொதி கக்கும் பாக்டீரியா ஆயிரம் உண்டு. ஆனால் சர்க்கரையைக் கண்டால் அவை கக்குவதை நிறுத்திவிடும். ஆக்கின சோறு முன்னால் இருக்கும்போது எவன் நெல் குத்தப் போகிறான்? பட்டினி வந்தால்தான் சுற்றியிருக்கும் புரதத்தை வெட்டித் தின்ன நொதி செய்யும். தொழிற்சாலையிலோ மலிவான வெல்லக் கழிவில்தான் பாக்டீரியாவை வளர்ப்பார்கள். அதில் சர்க்கரை நிறைய இருக்கும். அங்கேதான் எல்லாம் படுத்துவிடும்.

பதினேழு மட்டும் சர்க்கரை இருந்தாலும் கக்கும். ஏழு வருடம் முன்பு கட்டுரை போட்டோம். முதல் பெயர் என்னுடையது. பால் தட்டின் படம் அட்டையிலேயே வந்தது: பால் கலந்த வெள்ளைக் கூழ், நடுவே பதினேழின் பொட்டு, அதைச் சுற்றிக் கண்ணாடி மாதிரி தெளிந்த வளையம். வளையம் இருந்தால் பால் புரதத்தைத் தின்றுவிட்டது என்று அர்த்தம். சார் ஜூனில் ஓய்வு பெறுகிறார். அதற்குள் பதினேழை ஒரு கம்பெனிக்குக் கொடுத்துவிட்டுப் போக ஆசைப்படுகிறார். அதற்குக் குடுவையில் சர்க்கரையோடு வளர்த்து, நொதி இத்தனை வருகிறது என்று அளந்து காட்ட வேண்டும். அதுதான் சர்க்கரை வேலை.

அக்காவின் முதல் குடுவையில் நொதி வரவில்லை. முதல் தடவை அப்படித்தான் இருக்கும் என்றேன்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். மெஸ்ஸில் சர்க்கரைப் பொங்கல் என்று ஒன்றைப் போட்டார்கள். விடுதியில் நான், வார்டன், பின்கட்டுப் பூனை. வீடு ஒன்றரை மணி நேர ரயில் தூரம்தான். பதினோரு மாதமாகப் போகவில்லை. போனால் தெருவே கேட்கும், இன்னுமா படிக்கிற என்று.

என் அறை ஜன்னலைத் திறந்தால் தண்ணீர்த் தொட்டியின் சுவர். அதில் ஒரு பாசித் திட்டு இருக்கிறது. நான் வந்தபோது உள்ளங்கை அளவு இருந்தது, இப்போது முறம் அளவு. அதுவாவது வளர்ந்தது.

பொங்கல் விடுமுறை எனக்குப் பிடிக்காது. ஸ்டோரை ஐந்து நாள் பூட்டிவிடுவார்கள், எந்தச் சாமானும் கிடைக்காது. எப்போதுமே அப்படித்தான்.

ஜனவரி 22, புதன்

அக்காவின் நான்காவது குடுவை. பூஜ்யம். சர்க்கரை போடாத குடுவையில் நொதி கொட்டுகிறது, போட்ட குடுவையில் ஒன்றுமில்லை. அக்கா சோர்ந்து போகவில்லை. ஒருவேளை கூட்டம் போதவில்லையோ என்று யோசிக்கிறார். இந்தப் பாக்டீரியாக்கள் ஒவ்வொன்றும் ஒரு சின்ன ரசாயனச் சைகையைக் கசியவிடும். சைகை சேரச் சேர, ஓஹோ நாம் நிறையப் பேர் இருக்கிறோம் என்று தெரிந்துகொண்டு எல்லாம் சேர்ந்து கக்கும். அக்கா எனக்கே வகுப்பெடுத்தார்: "ஒருத்தன் மட்டும் கக்கினா ஆத்துல கரைச்ச புளிம்மா. கூட்டம் சேரட்டும்னு காத்துக்கினு இருக்கும் போல. இன்னும் கொஞ்சம் விட்டுப் பாக்கறேன்."

விட்டுப் பாருங்கள் அக்கா என்றேன்.

மதியம் அவர் டப்பாவில் தக்காளி சாதம். தினமும் இரண்டு பேருக்குக் கட்டிக்கொண்டு வருகிறார். ஹாஸ்டல் சோற்றைத் தின்று எலும்பாகிப் போனேனாம்.

ஜனவரி 26, ஞாயிறு

அம்மா போன். எப்பம்மா முடியும்? மார்ச்சில் அம்மா என்றேன். போன வருடமும் மார்ச் என்றுதானே சொன்னாய் என்று அம்மா கேட்கவில்லை. கேட்டிருந்தால் கத்தியிருப்பேன், மனசு கொஞ்சம் ஆறியிருக்கும்.

பிப்ரவரி 3, திங்கள்

மூன்றாம் அத்தியாயம் திருத்தினேன். எனக்கே பிடித்த அத்தியாயம். பாக்டீரியா இந்த நொதியைச் செய்யும்போதே ஒரு மூடியும் சேர்த்துத்தான் செய்கிறது. மூடியோடுதான் வெளியே தள்ளும். வெளியே போன பிறகுதான் மூடி கழன்று நொதி வேலையைத் தொடங்கும். உள்ளேயே திறந்துகொண்டால், செய்த பாக்டீரியாவையே அது செரித்துவிடும். இதையெல்லாம் சர்க்கரை இல்லாத குடுவையில்தான் செய்தேன், எல்லா எண்ணும் சரி. என் நான்கு அத்தியாயத்தில் மூன்று அப்பழுக்கில்லாதவை. இதை யார் வேண்டுமானாலும் சோதித்துக்கொள்ளலாம்.

பிப்ரவரி 6, வியாழன்

சார் அக்காவைத் திட்டினார். எல்லோர் முன்னாலும். தட்டில் வளையம் வருகிறது, குடுவையில் நொதி வரவில்லை என்றால் கோளாறு கையில்தான் இருக்கிறது, பள்ளிக்கூடத்தில் சாக்பீஸ் பிடித்த கைக்கு இது சரிப்படாது என்றார். சார் கெட்டவர் இல்லை. என் அப்பா செத்தபோது அரக்கோணம் வரை வந்து பாடைக்குத் தோள் கொடுத்தவர். ஆனால் இன்று அவர் பேசியது அநியாயம்.

அக்கா தலையைக் குனிந்துகொண்டு குடுவைகளைக் கழுவினார். நான் நடுவில் பேசவில்லை. பேசி என்ன ஆகப் போகிறது?

இருபத்தேழாம் தேதி ஆய்வுக் குழு கூடுகிறது. அக்காவின் முன்னேற்ற அறிக்கையில் திருப்தி இல்லை என்று சார் எழுதினால் பதிவு போகும், விடுப்பும் ரத்தாகும். அதே நாள்தான் என் ஆய்வேட்டையும் குழு பார்த்துச் சரி சொல்ல வேண்டும்.

பிப்ரவரி 7, வெள்ளி

பச்சை மை. இந்த வாரம் சார் பதினோரு நோட்டில் நாலு நிமிடத்தில் கையெழுத்துப் போட்டார்.

பிப்ரவரி 13, வியாழன்

அக்கா என் முதல் வருட நோட்டைக் கேட்டார். அந்தத் தட்டை நான் எப்படிச் செய்தேன் என்று வரிக்கு வரி பார்த்தால் தன் தப்பு எங்கே என்று தெரிந்துவிடுமாம். நோட்டு அரக்கோணத்தில் இருக்கிறது என்றேன். ஊருக்குப் போகும்போது எடுத்து வா என்றார். நான் ஊருக்கே போவதில்லை என்பது அவருக்கு மறந்துவிட்டது போல.

பிறகு இன்னொன்று கேட்டார்: தட்டின் மேல் ஊற்றிப் பார்க்கும் அமில பாட்டில் எங்கே? ஸ்டோரில் தீர்ந்துவிட்டது, மார்ச்சில்தான் வரும் என்றேன்.

அது எதற்கு என்றும் எழுதிவிடுகிறேன். சர்க்கரை தின்னும் பாக்டீரியா சுற்றிலும் புளிப்பை விடும். லேசான புளிப்பிலேயே பால் கூழ் கொஞ்சம் தெளிந்துவிடும். பார்த்தால் அசல் வளையம் மாதிரியே இருக்கும், ஆனால் புரதத்தை யாரும் தின்றிருக்க மாட்டார்கள். அதனால் தட்டின் மேல் கடுமையான அமிலத்தை ஊற்ற வேண்டும். தின்னாத புரதம் திரிந்து மறுபடி வெள்ளையாகிவிடும். அசல் வளையமாக இருந்தால் அங்கே வெளுக்க ஒன்றும் இருக்காது, அப்படியே தெளிவாக நிற்கும். முதல் வருடப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த சோதனை. ஐந்து நிமிட வேலை.

அலமாரிச் சாவியைப் பென்சில் பெட்டியிலிருந்து எடுத்துத் துணிப்பைக்குள் போட்டேன். அலமாரிக்குள் பாட்டில் கனமாகத்தான் இருக்கிறது, முக்கால் பங்கு மீதி.

பிப்ரவரி 17, திங்கள்

சாப்பிடவில்லை. அக்காவின் தக்காளி சாதத்தை வாங்கிக்கொண்டு வந்து, அவர் போன பிறகு பூனைக்கு வைத்தேன். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று அப்பா அடிக்கடி சொல்வார். பூனையும் தின்னவில்லை.

பிப்ரவரி 19, புதன்

அக்கா மதியம் என் மேசைக்கு வந்தார். கையில் இரண்டு பால் தட்டு. இரண்டிலும் பதினேழு. ஒன்று சர்க்கரை போட்டது, மற்றது போடாதது. சர்க்கரை இல்லாததில் வளையம் பளிச்சென்று இருந்தது. சர்க்கரைத் தட்டில் பொட்டு இருந்தது, சுற்றி ஒரே வெள்ளை. அமில நெடியிலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

ஏது அமிலம் என்று கேட்டேன்.

"பச்சையம்மாகிட்ட வாங்கினேன். கக்கூஸ் கழுவுற ஆசிட். எங்க ஸ்கூல் லேபுக்கு எந்தக் காலத்துல மருந்து வந்துது? இத வெச்சுத்தான் பசங்களுக்குச் செஞ்சு காட்டுவேன்."

பச்சையம்மா எங்கள் மாடியைச் சுத்தம் செய்கிறவர். நான் ஒரு பாட்டிலைப் பூட்டிவைத்தேன். கட்டடம் முழுக்கக் கழிவறைக்குக் கழிவறை ஒரு பாட்டில் இருக்கிறது.

அக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சத்தம் போடுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"உனக்குத் தெரியும்தானே மலரு?"

தலையாட்டினேன்.

"நான் யார்கிட்டயும் சொல்லப் போறதில்லம்மா. எனக்கு ஸ்கூல் இருக்குது, போனா பசங்க இருக்குதுங்க. உனக்கு இத விட்டா இன்னா இருக்குது? ஏழாந்தேதி குடுத்துட்டுப் போய்ச் சேரு."

அவ்வளவுதான். எழுந்து போய்த் தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்தார். போகும்போது டப்பாவை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

இனி மறைக்க என்ன இருக்கிறது? ஏழு வருடம் முன்பு, பொங்கலுக்கு முந்தின நாள். மாநாட்டுக்குப் படம் அனுப்ப அன்று மாலைதான் கடைசி. சர்க்கரைத் தட்டில் வளையம் வந்திருந்தது. அமில பாட்டிலைச் சாய்த்தேன், காலி. ஸ்டோர் பூட்டிவிட்டது. விடுமுறை முடிந்து வந்து செய்துகொள்ளலாம் என்று நோட்டில் "அமிலச் சோதனை: சரி" என்று எழுதி, படத்தைச் சாரிடம் கொடுத்துவிட்டு ரயிலைப் பிடித்தேன். திரும்பி வந்தால் சார் படத்தை அனுப்பிவிட்டு, துறை முழுக்க மைசூர்பாகு கொடுத்துக்கொண்டிருந்தார். என் வாயிலும் ஒன்றை ஊட்டிவிட்டார். அப்பாவுக்கு அவரே போன் பண்ணி, உங்க பொண்ணு பெரிய வேலை செஞ்சிருக்கா என்றார். அதற்குப் பிறகு அந்தத் தட்டில் அமிலம் ஊற்ற எனக்குக் கை வரவில்லை. மூன்றாம் வருடம் ஒரு தடவை, யாரும் இல்லாதபோது புதுத் தட்டு போட்டு ஊற்றினேன். வெளுத்துப் போனது. தட்டைக் கழுவிவிட்டுச் சர்க்கரை பக்கமே போகாமல் மற்ற அத்தியாயங்களைச் செய்தேன்.

சர்க்கரை வேலையைக் கோமளவல்லி அக்காவிடம் கொடுக்கலாம் சார் என்று சொன்னதும் நான்தான். அவர் புதுசு, வராவிட்டால் அவர் கைக் கோளாறு என்று போய்விடும் என்று கணக்குப் போட்டேன். கணக்கு சரியாகத்தான் வந்தது.

முதல் வருட நோட்டு என் கட்டிலுக்குக் கீழே இரும்புப் பெட்டியில் இருக்கிறது. எப்போதும் அங்கேதான் இருந்தது.

பிப்ரவரி 20, வியாழன்

வெளியான கட்டுரை ஒன்றாவது இல்லாமல் ஆய்வேடு கொடுக்க முடியாது என்பது விதி. என்னிடம் இருப்பது அந்த ஒன்றுதான். மூன்று தடவை படித்துவிட்டேன், விதி மாறவில்லை.

பிப்ரவரி 21, வெள்ளி

இன்று ஒரு கோழைத்தனம் செய்தேன். முதல் வருட நோட்டை எடுத்து, அறுபத்து மூன்றாம் பக்கத்தில் "சரி" என்பதை ஒரே கோட்டில் அடித்தேன். கீழே இன்றைய தேதி போட்டு எழுதினேன்: அமிலச் சோதனை அன்று செய்யப்படவில்லை. பின்னர் செய்தபோது வளையம் வெளுத்தது. சர்க்கரை இருந்தால் பதினேழு நொதி கக்குவதில்லை. ஜெபமலர். அந்தப் பக்கத்தைத் திறந்தபடி, மற்ற நோட்டுகளுக்கு நடுவே சார் மேசையில் வைத்தேன்.

வாசலில் நின்று பார்த்தேன். சார் போனில் கம்பெனிக்காரரோடு பேசிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். என் நோட்டும் வந்தது. பச்சை மையில் ஒரு கையெழுத்து, தேதி, அடுத்த நோட்டு.

படிக்கவில்லை.

சொல்லியாகிவிட்டது, அவர் பார்க்காதது என் தப்பா என்று அறை வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தேன். கதவைச் சாத்திய பிறகு அந்தச் சமாதானமும் நிற்கவில்லை. நான் யாருக்கும் எதையும் சொல்லவில்லை.

பிப்ரவரி 27, வியாழன்

அறைக்கு வந்து உட்கார்ந்து எழுதுகிறேன்.

குழுவில் மூன்று பேர்: சார், துறைத் தலைவர், வேறு கல்லூரியிலிருந்து வந்த ஒரு அம்மா. முதலில் அக்கா. ஒன்பது குடுவையின் எண்களையும் ஒளிக்காமல் போட்டுக் காட்டினார். சர்க்கரை உள்ளதில் எல்லாம் பூஜ்யம். அமிலச் சோதனையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வெளியிலிருந்து வந்த அம்மா, உங்கள் கருத்து என்ன என்று கேட்டார். எனக்குக் கை பழகவில்லை மேடம் என்றார் அக்கா. பொய்யென்று தெரிந்தே சொன்னார். எனக்காகச் சொன்னார். சார் அறிக்கைத் தாளை இழுத்து, பேனா மூடியைக் கழற்றினார்.

நான் சுவரோரம் என் முறைக்காக உட்கார்ந்திருந்தேன். மடியில் ஆய்வேடு, இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். அதற்குக் கீழே அந்தப் பழைய நோட்டு. எதற்கு எடுத்துப் போனேன் என்று கேட்டால் தெரியாது. எழுந்துவிட்டேன்.

"சார், எழுதாதீங்க. அக்கா கை சரியாத்தான் இருக்கு. என் தட்டுதான் பொய்."

நோட்டை அவர் முன்னால் விரித்து வைத்தேன். போன வெள்ளிக்கிழமை நீங்க கையெழுத்துப் போட்ட பக்கம் சார், இப்போ படிங்க என்றேன்.

படித்தார். தன் கையெழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மறுபடி மேலே போய்ப் படித்தார். துறைத் தலைவர் எட்டிப் பார்த்துவிட்டுப் பின்னால் சாய்ந்துகொண்டார்.

"அன்னிக்கு ஆசிட் இல்லையா?"

"இல்ல சார்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமேம்மா."

"நீங்க ஸ்வீட் வாங்கிட்டு வந்துட்டீங்க சார்."

சார் பேனாவை மூடினார். மூடி இரண்டு தடவை நழுவியது. அவருக்கும் ஜூனோடு எல்லாம் முடியப் போகிறது, கையில் இருந்தது பதினேழு ஒன்றுதான். அதை நான் பிடுங்கிவிட்டேன். எனக்கு அழுகை வந்தது, அழுதேன். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.

வெளியிலிருந்து வந்த அம்மாதான் பேசினார். கட்டுரையைத் திரும்பப் பெற எழுத வேண்டும், சாரும் நானும் கையெழுத்துப் போட வேண்டும். கட்டுரை போனால் ஆய்வேட்டை ஏற்க முடியாது, மார்ச் 7 தாண்டினால் பதிவு தானாகவே போய்விடும், மறுபடி சேர விதி இடம் கொடுத்தால் பார்க்கலாம் என்றார். அக்காவின் எண்கள் சரி, வேலை தொடரலாம் என்றார். அறிக்கையில் திருப்தி என்று சார்தான் எழுதினார். பச்சை மை. இந்த முறை இரண்டு தடவை படித்துவிட்டுப் போட்டார்.

வெளியே வந்ததும் அக்கா என் கையைப் பிடித்தார். பிடித்துக்கொண்டே பஸ் நிறுத்தம் வரை நடந்தோம். பைத்தியக்காரி என்று ஒரு தடவை சொன்னார்.

மார்ச் 1, சனி

அலமாரியைக் காலி செய்தேன். அமில பாட்டிலை அக்கா மேசையில் வைத்து, மேலே ஒரு சீட்டு ஒட்டினேன்: முக்கால் பங்கு இருக்கிறது. சாவியைத் துறை அலுவலகத்தில் கொடுத்தேன். கட்டுரையைத் திரும்பப் பெறும் கடிதத்தில் கையெழுத்துப் போட்டேன். சார் ஏற்கெனவே போட்டிருந்தார். அறையில் அவர் இல்லை.

அம்மாவுக்கு நானே போன் செய்தேன். வழக்கமாக ஞாயிற்றுக்கிழமைதான் பேசுவோம், அதனால் எடுத்ததுமே உடம்புக்கு என்ன என்றாள். ஒன்றுமில்லை என்றேன். பிறகு, எப்பம்மா முடியும் என்று ஆரம்பித்தாள்.

"முடியாதும்மா. நான் ஒரு தப்பு பண்ணிட்டேன். ஏழு வருஷமா மறைச்சேன். இப்போ சொல்லிட்டேன். பட்டம் கிடைக்காது."

அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது. அம்மா போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். அவள் அழுகிறாளா என்று காதை வைத்துக் கேட்டேன்.

"எந்த வண்டியில வர்ற?" என்றாள்.

நாலேகால் வண்டி என்றேன்.